டைமிங் செயினில் மிச்சம் பிடிக்கலாமா?

சென்ற மாதம் நம் சங்கத்துச் செயற்குழுக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாசலிலேயே ஒரு சிறு பட்டிமன்றம் நடந்துவிட்டது. உறுப்பினர் ஒருவர் தம்முடைய பழைய ஹீரோ ஹோண்டா சிடி 100 வண்டியை உதைத்துக் கிளப்பினார். கிளம்பியது. ஆனால் என்ஜினின் இடது பக்கத்திலிருந்து, முறத்தில் அரிசி புடைப்பது போலச் 'சரசர'வென்று ஒரு சத்தம். அங்கே நின்றிருந்தவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். "டைமிங் செயின் போய்விட்டது, விலை குறைவாக ஒன்று வாங்கிப் போடுங்கள், ஓடும்" என்றார் ஒருவர். "கம்பெனி ஒரிஜினல் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "இந்த வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்குங்கள் சார்" என்று முடித்தே விட்டார். வண்டிக்காரரின் துணைவியார் மட்டும் குழப்பத்தோடு, "போன தீபாவளிக்குத்தானே செயின் மாற்றினீர்கள்?" என்று கேட்டார்.

அம்மையார் கேட்டதுதான் நியாயமான கேள்வி. மற்ற மூவர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஈஜிபுராவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். அதே காலம் ஒரு சிடி 100 வண்டியையும் வைத்துக் காப்பாற்றி வருகிறேன். இந்தச் செயின் விஷயத்தில் ஒரு முறை நன்றாகப் பட்டிருக்கிறேன். அதனால் ஆசிரியர் கேட்டவுடன் எழுத ஒப்புக்கொண்டேன். நம் குடும்பங்களில் அப்பா ஓட்டிய வண்டி, மாமனார் கொடுத்த வண்டி என்று இன்னும் பல பழைய வண்டிகள் ஓடுகின்றன. பின் இருக்கையில் மனைவியோ பிள்ளையோ உட்கார்ந்து வருகிறார்கள்.

முதலில் அம்மையாருக்குப் பதில். வண்டியில் இரண்டு செயின்கள் உண்டு. தீபாவளிக்கு மாற்றியது என்ஜினிலிருந்து பின் சக்கரத்தை ஓட்டும் செயின். கண்ணுக்குத் தெரியும், கையில் மசி ஒட்டும், தொங்கினால் இறுக்கிக்கொள்ளலாம். மற்றொன்று என்ஜினுக்குள்ளேயே ஆயிலில் நனைந்தபடி ஓடுவது. புத்தகங்களில் கேம் செயின் என்று எழுதுவார்கள். நம் ஒர்க் ஷாப்புகளில் டைமிங் செயின் என்றால்தான் தெரியும். கீழே கிராங்கு சுழலும் சுழற்சியை மேலே சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் கேம் ஷாப்டுக்குக் கொண்டுபோவது இதன் வேலை. கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றில் காற்று உள்ளே வரும் வால்வு ஒரு முறையும், புகை வெளியே போகும் வால்வு ஒரு முறையும் திறந்து மூட வேண்டும். என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது கிராங்கு வினாடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு விலகி இருக்க வேண்டும். அந்த நேரக் கணக்கைக் காப்பது இந்த ஒரு மெல்லிய செயின்.

நம்மில் வயதானவர்களுக்கு இது புதிதாகப் படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாம் இளமையில் ஓட்டிய வண்டிகளில் இந்தச் செயினே கிடையாது. மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா ஆலையின் ஜாவா, எஸ்டி வண்டிகளும், ராஜ்தூத்தும், ஆர்எக்ஸ் 100-உம், பழைய பஜாஜ் சேத்தக்கும் இரண்டு ஸ்டிரோக் வண்டிகள். அவற்றில் இப்படி மேலே கேம் ஷாப்டும் வால்வும் இல்லை. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் நான்கு ஸ்டிரோக்தான். ஆனால் அதில் பற்சக்கரமும் நீண்ட தள்ளுகம்பிகளும் இந்த வேலையைச் செய்தன. நடுத்தரக் குடும்பத்து வண்டிகளில் டைமிங் செயின் பரவியது ஹீரோ ஹோண்டாவோடுதான். கம்பெனி 1984-இல் தொடங்கியது, ஹரியானாவின் தாருஹேரா ஆலையிலிருந்து சிடி 100 வந்தது 1985-இல், ஸ்பிளெண்டர் 1994-இல். பெட்ரோல் போடு, மூடியை மூடு, மறந்துவிடு என்ற பொருளில் வந்த அந்த விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். நாம் அதை அப்படியே நம்பினோம். பெட்ரோல் போட்டோம், மூடினோம், ஆயிலையும் சேர்த்து மறந்துவிட்டோம்.

டைமிங் செயின் தேய்வதில் பாதிக் கதை ஆயில்தான். 'செயின் நீண்டுவிட்டது' என்கிறோம். இரும்பு ரப்பர் போல நீளவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின்னும் அதைச் சுற்றி ஒரு புஷ்ஷும் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து இடைவெளி உண்டாகிறது. ஒரு செயினில் 84 கண்ணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணிக்கு ஒரு மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்கு தேய்ந்தால்கூட மொத்தத்தில் 1.68 மில்லிமீட்டர் தளர்ந்துவிடும். அந்தத் தேய்மானத்தைத் தள்ளிப்போடுவது சுத்தமான ஆயில் ஒன்றுதான். நம் பழைய 100 சிசி வண்டிகளிலோ மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்கும் குறைவு. அதே ஆயில்தான் கிளட்சுக்கும் கியருக்கும். காரில் இருப்பது போலக் காகித பில்டரும் கிடையாது. ஒரு கம்பி வலையும், சுழலும் வேகத்தில் அழுக்கை ஓரமாக ஒதுக்கும் ஒரு கிண்ணமும் மட்டும். ஆயில் கறுத்துப்போனால் அந்தக் கருப்பு முழுவதும் செயினின் ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் போய்வருகிறது.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாற்றுவது நல்ல பழக்கம். ஆனால் ஈஜிபுரா சிக்னலில் நிற்கும் வண்டிக்கு மீட்டர் ஓடுவதில்லை, என்ஜின் ஓடுகிறது. கேந்திரீய சதன் வரைக்குமான மேம்பால வேலை 2017-இல் தொடங்கி, தூண்களோடு ஆண்டுக்கணக்கில் நின்றதே, அந்த நாட்களில் நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் பக்கம் போய்த் திரும்புவதற்குள் என்ஜின் அரைமணி நேரம் சும்மாவே சுற்றியிருக்கும். மீட்டரில் மூன்று கிலோமீட்டர் கூடியிருக்கும், அவ்வளவுதான். கையேட்டில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் கணக்கை நம் சாலைகளில் அப்படியே நம்பக்கூடாது. அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து.

இனி நான் பட்ட கதை. நடந்தது 2006-இல். என் வண்டியிலும் இதே அரிசி புடைக்கும் சத்தம். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சார், டைமிங் செயின் போயிடுச்சு. செட்டா போட்டுடலாம். உள்ளே ரப்பர் ரோலர் எல்லாம் கட்டையாயிருக்கும்" என்றார். நான், "செயின் மட்டும் போடுப்பா, போதும்" என்றேன். செட்டுக்கும் வெறும் செயினுக்கும் வித்தியாசம் நூற்றெண்பது ரூபாய். அதோடு விடாமல் அவருடைய கூலியிலும் ஐம்பது ரூபாய் குறைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துப் பையனை அனுப்பினார். பையன் அட்டைப்பெட்டியும் இல்லாமல், உறையும் இல்லாமல், செய்தித்தாளில் சுற்றிய ஒரு செயினைக் கொண்டுவந்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தம் நின்றது. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

நான்கு மாதம் கழித்து அப்பாவின் திவசம். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடியற்காலை நானும் மனைவியும் வண்டியில் புறப்பட்டோம். அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் தாண்டி, சூளகிரி நெருங்கும்போது என்ஜினுக்குள் 'கடகட'வென்று இரண்டு மூன்று அடி, அப்புறம் நிசப்தம். உதைத்தால் கால் தடையே இல்லாமல் கீழே போகிறது, கம்ப்ரஷன் இல்லை. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்கின்றன. வண்டி நின்றது ஓரத்தில் என்பதால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டு, தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய டெம்போ ஒன்றில் ஏறி, பிறகு பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. அண்ணன் காத்திருந்து பார்த்துவிட்டுத் தாமே எல்லாவற்றையும் முடித்துவிட்டார். ஐயர் போய்விட்டார். அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்பிடு" என்று இலை போடச் சொன்னார். அவர் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என்ஜினைப் பிரித்தபோது விஷயம் தெரிந்தது. செயின் அறுந்துபோகவில்லை. நான் மாற்ற வேண்டாம் என்று சொன்ன அந்தப் பழைய ரோலரின் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது; துணுக்குகள் அடியில் கம்பி வலையில் கிடந்தன. பிடிமானம் போனதும் செயின் தளர்ந்து பற்களைத் தாண்டிக் குதித்துவிட்டது. நேரக் கணக்குத் தப்பியது, பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்தது, வால்வு வளைந்தது. நூற்றெண்பது ரூபாய் மிச்சம் பிடித்தவன் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் செலவழித்தேன். பெயரில்லாத அந்தச் செயினோ, நாலே மாதத்தில், பழைய செயினைவிட அதிகமாகத் தளர்ந்திருந்தது.

அதனால் என் முதல் வாதம் இதுதான்: செயினை மட்டும் மாற்றுவது மாற்றியதாகாது. செயின், அதைத் தாங்கும் ரோலர்கள், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ரப்பர் முனை ஆகியவை சேர்ந்து தேய்ந்தவை, சேர்ந்தே மாற வேண்டியவை. மேலே உள்ள கேம் ஸ்ப்ராக்கெட்டின் பற்களையும் பார்க்க வேண்டும்; பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல ஆகியிருந்தால் அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். சில என்ஜின்களில் ஆயில் பம்பை ஓட்டுவதும் இந்தச் செயினேதான். அங்கே செயின் போனால் ஆயிலும் நின்றுவிடும்.

அதற்கும் முன்னால், சத்தம் செயினுடையதுதானா என்று தெரிய வேண்டும். டேப்பட் தளர்ந்தாலும் சத்தம் வரும். அது மேலே ஹெட்டிலிருந்து 'டிக் டிக்' என்று தையல் மெஷின் போல ஒழுங்காக வரும். செயின் சத்தம் ஒழுங்கில்லாமல் வரும், ஆக்சிலரேட்டரை விட்டதும் கூடும். நீண்ட ஸ்குரு டிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் மெக்கானிக்கைக் கண்டு சிரிக்க வேண்டாம். டாக்டரின் குழாய் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. டேப்பட்டைச் சரிசெய்து பார்த்த பிறகும் சத்தம் நிற்காவிட்டால்தான் செயினுக்குப் போக வேண்டும். சிலர் டென்ஷனர் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவார்கள். வாஷர் வைத்து முட்டுக் கொடுப்பார்கள். சத்தம் அன்றைக்கே நிற்கும். அளவுக்கு மேல் இறுகிய செயின் ரோலரையும் தன்னையும் சேர்த்து அரைத்துக்கொண்டிருக்கும். வண்டியை விற்கப் போகிறவர்கள் செய்யும் வைத்தியம் அது.

இனி, எந்தச் செயின்? 'ஒரிஜினல் மட்டும்' என்ற நண்பரின் கட்சி பாதுகாப்பானது. தவறு சொல்ல மாட்டேன். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்து, 2011-இல் ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயர் மாறியது. அதற்குப் பிறகும் அந்தக் குடும்பத்து 100 சிசி என்ஜின் தொடர்ந்து வந்ததால் பழைய வண்டிக்காரர்களுக்குச் சாமான் கிடைப்பதில் பெரிய கஷ்டம் வரவில்லை. ஆனால் எல்லாப் பழைய வண்டிக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது. தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்குக் கம்பெனி சாமானே கிடைக்காது. அப்போது என்ன செய்வது?

இங்கே நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். இந்தியாவில் இருசக்கர வாகனச் செயின் என்றால் முதலில் வாயில் வரும் இரண்டு பெயர்களும் தமிழ்நாட்டுப் பெயர்கள். ரோலான் என்ற பெயரில் செயின் செய்யும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் கோயம்புத்தூர்க் கம்பெனி. 1937-இல் பஸ், லாரி போக்குவரத்துத் தொழிலில் தொடங்கிப் பிறகு செயினுக்கு வந்தவர்கள். டைமண்ட் செயின் முருகப்பா குழுமத்தினுடையது. 1960-இல் தொடங்கியது, ஆலை அம்பத்தூரில். இவர்கள் வண்டிக் கம்பெனிகளுக்கும் செயின் கொடுக்கிறார்கள், கடைச் சந்தைக்கும் தங்கள் சொந்தப் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். வண்டிக் கம்பெனியின் முத்திரை இல்லை என்பதற்காக இப்படிப்பட்ட செயினை டூப்ளிகேட் என்று ஒதுக்குவது சரியன்று. நான் 2006-க்குப் பிறகு ஒரு முறை கம்பெனி செட், ஒரு முறை கோயம்புத்தூர்ச் செயின் என்று இரண்டும் போட்டிருக்கிறேன். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. டூப்ளிகேட் என்பது வேறு: அந்த நல்ல பெயர்களையே பெட்டியில் அச்சடித்து, உள்ளே எதையோ வைத்து விற்பது. அதைவிட மோசம், பெட்டியே இல்லாமல் ஆணியில் மாலை போலத் தொங்குவது.

ஆகவே ஜே.சி. ரோட்டுக்குப் போங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். கழற்றிய பழைய செயினை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மாடல் பெயர் சொல்லிக் கேட்டால் போதாது. ஒரே பெயரில் வந்த வண்டிக்குள்ளேயே வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கும். முதலில் ஜாதியைப் பாருங்கள். சைக்கிள் செயின் போல உருளை வடிவப் புஷ் உள்ளது ஒரு வகை. பல தகடுகளை அடுக்கி உள்பக்கம் பல் வெட்டியது போல இருப்பது இன்னொரு வகை, சத்தம் குறைவாக ஓடும் என்பதால் அதைச் சைலண்ட் செயின் என்பார்கள். ஒன்றின் ஸ்ப்ராக்கெட்டில் மற்றொன்று ஓடாது. அடுத்து, தகட்டில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும் எண். எங்கள் வகைச் சிறு வண்டிகளில் பெரும்பாலும் 25 என்ற எண் இருக்கும். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் என்று அர்த்தம். பக்கத்தில் ஹெச் என்ற எழுத்து இருந்தால் தகடு கனமானது. பழையதில் ஹெச் இருந்து புதியதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். பிறகு கண்ணிகளை எண்ணுங்கள். கடைக்காரர் கேலியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். இரண்டையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டால் பழையது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். பழையதைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்தால் பாம்பு போல வளைந்து தொங்கும். நல்ல புதுச் செயின் விறைப்பாக நிற்கும்.

பெட்டியில் தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அச்சு மங்கலாக இருந்தாலோ பெயரில் ஓர் எழுத்து இடம் மாறி இருந்தாலோ, பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். பில் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சில என்ஜின்களில் முழு வளையமான செயினை மாட்ட வேண்டுமானால் என்ஜினையே இரண்டாகப் பிளக்க வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பி, செயினை வெட்டி உள்ளே விட்டு ஒரு கண்ணியால் இணைப்பார்கள். அதற்குரிய கருவியால் தலையை அழுத்திப் பூட்டும் ரிவிட் கண்ணி என்றால் ஒப்புக்கொள்ளலாம். பின் சக்கரச் செயினில் போடுகிற கிளிப் லாக்கை மட்டும் உள்ளே போட விடாதீர்கள். அந்தக் கிளிப் கழன்றால் விழ வெளியே இடமில்லை. சிடி 100 போன்றவற்றில் அந்தத் தொல்லையே இல்லை. இடது பக்கம் கவரைத் திறந்து, புல்லர் போட்டு மேக்னெட்டைக் கழற்றினால் முழுச் செயினையும் அந்த வழியாகவே மாற்றிவிடலாம். சுத்தியால் தட்டி மேக்னெட்டைக் கழற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் சாமானைப் பற்றி. என் மனத்தில் உறுத்துவது வேறொன்று, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியதில் அர்த்தமில்லை. மட்டமான செயின் நம் வண்டிக்குள் எப்படி வருகிறது? மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிடுகிறோம். என் விஷயத்தில் அதற்கு வழி திறந்துவிட்டவன் நான்தான். அவர் செட்டாகப் போடலாம் என்றுதான் முதலில் சொன்னார். நான் சாமானிலும் குறைத்தேன், கூலியிலும் குறைத்தேன். அரை நாள் குனிந்து செய்கிற வேலைக்கு நாம் கொடுக்க ஒப்பும் கூலி, ஓட்டலில் குடும்பத்தோடு ஒரு வேளை சாப்பிடுகிற காசுகூட இல்லை. அவருக்கும் வாடகை உண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டு. கூலியில் நாம் பிடித்ததை அவர் சாமானில் எடுக்கிறார். நூறு ரூபாய் செயினை இருநூறு என்று எழுதுவார். அதற்குத் தோதாகக் கடைக்காரர் இருப்பார். நாமோ, கூலியைக் குறைத்த சமர்த்தர் என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம்.

ஈஜிபுரா, விவேக்நகர், நீலசந்திரா பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர்களில் நம் மொழி பேசுகிறவர்கள் பலர். தருமபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் பையனாக வந்து, டூல்ஸ் எடுத்துக் கொடுத்துத் தொழில் கற்றவர்கள். 'நம்ம ஆள்தானே' என்ற உரிமையில் அவர்களிடம்தான் நாம் அதிகமாகப் பேரம் பேசுகிறோம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் பில் நீட்டினால் வாய் திறக்காமல் கட்டுகிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. கூலியை முன்பே பேசுங்கள், நியாயமாகப் பேசுங்கள், குறைக்காதீர்கள். சாமானை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுங்கள், அல்லது அவரோடு கூடப் போய் வாங்குங்கள். பழைய சாமானைத் திரும்பக் கேளுங்கள். "சாமானை நாங்கள் வாங்கினால் கேரண்டி கிடையாது" என்று சிலர் சொல்வார்கள். கூலி நியாயமாக இருந்தால் என் அனுபவத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆசிரியர் குழுவில் சிலருக்கு இது ஒத்துவராது என்று தெரியும். மெக்கானிக்கை நம்பி ஒப்படைப்பதே மரியாதை என்பார்கள். இருக்கலாம். காசையும் சாமானையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் இரண்டு பக்கமும் நம்பிக்கைக்குச் சோதனை வராது என்று நான் நினைக்கிறேன்.

வேலை நடக்கும்போது கூட இருப்பதில் தவறில்லை. ஆனால் தொணதொணக்கக் கூடாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மேக்னெட்டில் உள்ள டி குறி அதன் வெட்டுக்கு நேரே நிற்கும்போது, மேலே கேம் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேரே நிற்க வேண்டும். ஒரு பல் தப்பினாலும் வண்டி கிளம்பும், ஆனால் இழுக்காது, பெட்ரோல் குடிக்கும். மாட்டி முடித்ததும் உதைப்பதற்கு முன் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கேயாவது இடித்தால் கையிலேயே தெரியும், வால்வு பிழைக்கும். புது ஆயில் ஊற்றி ஓட்டி, ஐந்நூறு கிலோமீட்டரில் அதையும் ஒரு முறை மாற்றிவிட்டால் நல்லது. பழைய ரப்பர்த் துணுக்கு ஏதாவது இருந்தால் அதோடு போய்விடும்.

பேரீச்சம்பழ நண்பருக்கும் பதில் சொல்ல வேண்டும். எல்லாப் பழைய வண்டியையும் கட்டி அழ வேண்டும் என்பதில்லை. பதினைந்து ஆண்டு தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை அதே வேலை. சேஸில் துரு ஏறி, கிராங்கு ஆடி, பிஸ்டனும் போய் இருந்தால் செயின் மாற்றுவது வீண். அப்படிப்பட்ட வண்டியை விட்டுவிடலாம். ஆனால் நீலப் புகை இல்லாமல், இழுவை குறையாமல் ஓடுகிற வண்டியை ஒரு செயின் சத்தத்துக்காக விற்பது, செருப்பு வார் அறுந்ததற்காகக் காலை வெட்டுகிற கதை.

கூட்டத்தில் சத்தம் கேட்ட அந்த வண்டியை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் தெரு ஒர்க் ஷாப்புக்கு வரவழைத்தோம். டேப்பட் சரியாகத்தான் இருந்தது. மேக்னெட்டைக் கழற்றிப் பார்த்தால் ரோலர் ரப்பர் கல்லாக இறுகி, நடுவில் செயின் ஓடிய பள்ளம். செயினும் தொங்கிற்று. நண்பரும் நானும் ஜே.சி. ரோடு போய், மூன்று கடை ஏறி இறங்கி, கண்ணி எண்ணி, செட்டாக வாங்கி வந்தோம். கூலியை முதலிலேயே பேசியிருந்தோம். மெக்கானிக் கேட்டதில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. மாலையில் வண்டி கிளம்பியபோது கடைக்கு எதிரே பூ கட்டிக்கொண்டிருந்தவர், "சத்தமே இல்லையே" என்றார்.

பழைய செயினை நண்பர் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார். துணைவியார் அதைக் கையில் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னதா?" என்று கேட்டாராம்.